உழவு இயந்திரம் வீதிக்கு ஏறும் முன்



எமது பகுதியில் உழவு இயந்திரம் உழுவதற்கு மட்டும் உதவிய பொருள் அல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் மன்னாரின் மேற்குக் கிராமங்களிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராகப் பெயர்ந்தபோதும், கூரைத் தகடும் நெல் மூடையும் கிழவரும் குழந்தைகளும் ஏறிச் சென்றது அந்தப் பெட்டியில்தான். எவரும் அன்று புத்தகம் எங்கே, விளக்கு எங்கே என்று கேட்கவில்லை. உயிர் தப்பினால் போதும் என்றிருந்தது.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. காணிக்குத் திரும்பியவர்களும், இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் வேறிடத்தில் கமம் செய்பவர்களும் கிடைத்த இயந்திரத்தைத் திருத்திக்கொண்டு தொழிலைத் தொடங்கினார்கள். சிலருடையது பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்து மீட்கப்பட்டது. சிலருடையது கைமாறிக் கைமாறி வந்தது. சிலருக்கு நிறுவனங்கள் கொடுத்தன. இயந்திரம் பழையது, ஆனால் வீதி புதியது. ஏ-9, ஏ-32, ஏ-35 வீதிகள் காப்பற் போடப்பட்டுவிட்டன. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் பஸ்சும் லாண்ட்மாஸ்ரரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஊர்ந்தன. இன்று அப்படியல்ல. ஆகவே பழைய இயந்திரத்தைப் பொது வீதியில் சட்டப்படியும் பத்திரமாகவும் கொண்டு செல்வது எப்படி என்பதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்த ஒரு சம்பவம்

இதை எழுத எனக்கு ஒரு கடமை உண்டு. மீள்குடியேற்றத்தின் பின், நான் பணியாற்றிய நிலையம் ஒரு கிராமத்துக் கமக்காரர் குழுவுக்கு இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றையும் பெட்டியையும் வழங்கியது. பழைய இயந்திரம்தான். கழற்றிப் பூட்டினோம், ரயர் மாற்றினோம், நிறம் பூசினோம். கையளிப்பு வைபவத்தில் மாலை போட்டுப் படமும் எடுத்தோம். பதிவுப் புத்தகத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கவில்லை. அது முந்திய உரிமையாளரின் பெயரிலேயே எமது அலுமாரிக்குள் கிடந்தது. பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டோம்.

ஒரு காலபோக அறுவடையின்போது, பொழுது பட்ட பின் குழுத் தலைவர் நெல் மூடைகளுடன் பிரதான வீதியால் வந்தார். பெட்டியின் பின்னால் விளக்கும் இல்லை, ஒளிதெறிக்கும் தகடும் இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் பெட்டியோடு மோதினான். உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று.

வருடாந்த வாகன வரி அனுமதிப்பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை. புத்தகத்தில் இருந்த பெயருக்குரியவரோ வெளிநாட்டில். இயந்திரம் வழக்குப் பொருளாகப் பொலிஸ் நிலைய வளவில் இரண்டு போகம் வெயிலிலும் மழையிலும் நின்றது. குழுத் தலைவர் மாடுகளை விற்று வைத்தியச் செலவுக்கு உதவினார். அது அந்தக் குடும்பத்துக்குப் போதவில்லை. இவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. நான் பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. “பாதர், நீங்கள் மெசினைத் தந்தனீங்கள், புத்தகத்தைத் தரேல்லை” என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

வீதி எம்மிடம் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். இந்த இயந்திரம் யாருடையது? இது இங்கே நிற்கிறது என்று மற்றவருக்குத் தெரிகிறதா? முதலாவதற்குக் கடதாசி பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு விளக்கு பதில் சொல்ல வேண்டும்.

முதலாம் பகுதி: யாருடையது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்றும் எமது வீதிகளை ஆளுகின்றன. உழவு இயந்திரமும் அச்சட்டத்தின் கீழ் ஒரு வாகனமே. வயலுக்குள் உழும்போது எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வயலிலிருந்து எதிர்ப்பக்க வயலுக்கு வீதியைக் குறுக்கறுத்துப் போனாலும் அது வீதியில் ஓட்டியதாகவே கொள்ளப்படும். எனவே பின்வரும் நான்கும் வேண்டும்.

1. பதிவுப் புத்தகம். இயந்திரத்துக்கு ஒன்று. பெட்டியும் தனியாகப் பதியப்படும் வாகனம் என்பதை நம்மவர் பலர் அறிவதில்லை. பெட்டிக்கும் இலக்கம் உண்டா என்று பாருங்கள்.

2. வருடாந்த வரி அனுமதிப்பத்திரம். பிரதேச செயலகத்தில் பெறலாம். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் இதைத் தரமாட்டார்கள்.

3. காப்புறுதி. ஆகக் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். இது உங்கள் இயந்திரத்தைத் திருத்தித் தராது. உங்கள் இயந்திரத்தால் இன்னொருவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால் அவருக்குரிய நட்டஈட்டுக்கானது. மேலே சொன்ன இளைஞனுக்கு உதவியிருக்கக் கூடியது இதுதான்.

4. சாரதி அனுமதிப்பத்திரம். இருசில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ1 வகுப்பு, நாற்சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ வகுப்பு. மோட்டார் சைக்கிள் அனுமதி இருக்கிறதே, அது போதும் என்று எண்ணாதீர்கள். உங்கள் அட்டையில் எந்த வகுப்புகள் குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். 18 வயது நிரம்பாத மகனிடம் வீதியில் இயந்திரத்தைக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் உதவி அல்ல. கொடுத்த தகப்பனும் வழக்கில் நிற்க நேரிடும்.

புத்தகம் இன்னொருவர் பெயரில் இருந்தால்

எம்மிடையே உள்ள பெரிய சிக்கல் இதுதான். ‘ஓப்பின் பேப்பர்’ என்று சொல்லி, முந்திய உரிமையாளர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு இயந்திரம் நாலைந்து பேரிடம் கைமாறுகிறது. சட்டமோ, வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. புதிய உரிமையாளர் நிரப்புவது எம்.ரி.ஏ. 6 படிவம், கைமாற்றிக் கொடுப்பவர் நிரப்புவது எம்.ரி.ஏ. 8 படிவம். காலம் தவறியிருந்தால் தண்டம் கட்ட நேரிடும். தண்டம் கட்டுவது, இயந்திரத்தை இழப்பதிலும் மேலானது. விற்றவரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும்வரை, அந்த இயந்திரம் செய்யும் குற்றத்துக்கு முதலில் தேடி வரப்படுபவர் நீங்களே.

புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியுடன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். போகும்போது அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். துருவைத் துடைத்து, மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரைத்தால் இலக்கம் பதிந்து வரும். இலக்கம் தெளிவில்லை என்று உளியால் வெட்டிப் புதுப்பிக்க ஒருபோதும் முயலாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது களவு வாகனத்தின் அடையாளமாகவே பார்க்கப்படும். இயந்திரத்தை மாற்றிப் பூட்டியிருந்தால் அதையும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். உரிமையாளர் காணாமற் போயிருந்தால் நிலைமை மிகவும் வேதனையானது. இயந்திரத்துக்காக மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்று சொன்ன தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் சொல்வது நியாயம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டது. அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. குடும்பத்தார் அவரது உடைமைகளைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். இந்த அலுவல்களுக்குத் தரகரிடம் போகாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகிறது.

புத்தகமும் இல்லை, உரியவரும் தெரியாது என்றால், அந்த இயந்திரத்தைப் பொது வீதியில் ஓட்டாதீர்கள். கடதாசி சரியாகும்வரை, கராச்சுக்கோ வேறு காணிக்கோ கொண்டு போக வேண்டுமானால் லொறியில் ஏற்றிக் கொண்டு போங்கள். கயிற்றில் கட்டி இழுப்பது கூடாது. பிறேக் சரியில்லாத பழைய இயந்திரம் இழுப்பவரையே மோதும்.

இரண்டாம் பகுதி: தெரிகிறதா?

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். சுமையுடன் லாண்ட்மாஸ்ரர் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வைப்போம். பின்னால் பஸ் 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. ஒவ்வொரு செக்கனுக்கும் பஸ் உங்களை 13 மீற்றர் அளவில் நெருங்குகிறது. இரவில் தாழ்த்திய வெளிச்சத்தில், விளக்கில்லாத பெட்டியைச் சாரதி 40 மீற்றர் தூரத்தில்தான் காண்கிறார் என்றால், அவருக்குக் கிடைப்பது மூன்று செக்கன். முன்னால் நிற்பது என்ன, ஓடுகிறதா நிற்கிறதா என்று விளங்கவே அதில் பாதி போய்விடும். மிகுதி நேரத்தில் அந்தப் பஸ்சை நிறுத்த முடியாது.

ஆகவே:

• முதலாவது விதி, இருட்டில் போகாமல் விடுவது. அறுவடைக் காலத்தில் கடைசிப் பெட்டியை நாளைக் காலைக்கு வையுங்கள்.

• பெட்டியின் பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்பு விளக்கும் சிவப்பு ஒளிதெறிக்கும் தகடும் வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தால் பின்னால் வருபவர் அதைச் சைக்கிள் என்று எண்ணி மற்ற ஓரத்தில் மோதுவார்.

• விளக்குக்கு வயர் இழுப்பது கடினமான காரியமல்ல. ஒரு பற்றறி, இரண்டு மின்குமிழ், ஓர் ஆளி போதும். கிராமத்து இளைஞன் ஒருவன் அரை நாளில் செய்துவிடுவான்.

• வைக்கோலோ சாக்கோ தொங்கித் தகட்டை மறைக்கிறதா என்று புறப்படும் முன் பின்னால் போய் நின்று பாருங்கள். சேற்றைத் துடையுங்கள்.

• மெதுவாகப் போகும் வாகனத்துக்கென ஒரு முக்கோண அடையாளத்தை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகாயோ அரச பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். நடுவில் செம்மஞ்சள், ஓரத்தில் ஒளிதெறிக்கும் சிவப்பு. பல நாடுகளில் கமக்காரர் இதைப் பின்னால் பூட்டுகிறார்கள். தகரத் துண்டிலும் ஒளிதெறிக்கும் நாடாவிலும் நாமே செய்து, விளக்குடன் மேலதிகமாகப் பூட்டலாம்.

• பழுதாகி நின்றால் தார் ஓரத்தை விட்டு முழுதாக இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் ஓர் ஆளைப் பின்னால் நூறு யார் தூரத்தில் ரோச் லைற்றுடன் நிறுத்துங்கள். கல் வைத்தால், புறப்படும்போது அந்தக் கல்லை அகற்றிவிட்டுப் போங்கள்.

மூன்றாம் பகுதி: பூட்டும் முறையும் ஓட்டும் முறையும்

பிறேக். மசி பெர்குசன் 135 போன்ற நாற்சில்லு இயந்திரங்களில் இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் தனித்தனிப் பிறேக் மிதி உண்டு. வயலில் திரும்புவதற்கு அது வசதி. வீதியில் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் சுழன்று கவிழும். வீதிக்கு ஏறும் முன் இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொளுக்கியைப் போடுங்கள். கொளுக்கி உடைந்திருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

இறக்கம். லாண்ட்மாஸ்ரரில் இடப்பக்கக் கைக்கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். ஆனால் சுமையுடன் இறக்கத்தில் போகும்போது பெட்டி இயந்திரத்தைத் தள்ளுகிறது. அப்போது அதே கிளச்சைப் பிடித்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். மதகிலும் குளக்கட்டிலும் கவிழும் லாண்ட்மாஸ்ரர் பல இதனால்தான் கவிழ்கின்றன. இறக்கம் தொடங்கும் முன் சிறிய கியருக்கு மாற்றுங்கள். கைக்கிளச்சைப் பிடிக்காமல் கைபிடியைத் தள்ளித் திருப்புங்கள். பெட்டியின் பிறேக்கைப் பாவியுங்கள். நியூற்றலில் ஒருபோதும் விடாதீர்கள்.

இணைப்பு. பெட்டியைப் பூட்டும் ஆணிக்கு அடியில் பூட்டுக்கம்பி இருக்க வேண்டும். கம்பிக்குப் பதிலாகச் சணல் கயிறு கட்டுவது கூடாது. அதோடு ஒரு சங்கிலியும் போடுங்கள். ஆணி கழன்றாலும் பெட்டி வீதியில் தனியே ஓடாது.

கலப்பை. தூக்கி நிறுத்தி, பக்கச் சங்கிலிகளை இறுக்கி, கைபிடியைப் பூட்டிக்கொண்டு போங்கள். தட்டுக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ பக்கத்தால் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் கோடியில் பகலில் சிவப்புத் துணி கட்டுங்கள். கொழுவில் ஒட்டிய சேற்றை வயல் வரம்பிலேயே தட்டிவிடுங்கள். தாரில் விழுந்த சேறு மழை பட்டதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரைச் சறுக்கி விழுத்தும். சேற்றுக்குப் பூட்டும் இரும்புச் சில்லுடன் தார் வீதியில் ஏறாதீர்கள். அது வீதியையும் அறுக்கும், பிடியும் இராது. கழற்றிப் பெட்டியில் ஏற்றுங்கள்.

சுமை. 65 கிலோ நெல் மூடை 15 என்றால் ஏறக்குறைய ஒரு தொன். இரண்டு மூடை கூட ஏற்றினால் ஒரு நடை மிச்சம் என்று எண்ணுகிறோம். ஆனால் பாரம் பின்னுக்கு ஏறினால் முன்பக்கம் தூக்கும், கைபிடி சொற்கேளாது.

ஆட்கள். பெட்டி பொருள் ஏற்றவே உள்ளது. அறுவடைக்கும், செத்த வீட்டுக்கும், மடுத் திருவிழாவுக்கும் பெட்டி நிறைய ஆட்களை ஏற்றும் வழக்கம் இடம்பெயர்வோடு எம்மோடு ஒட்டிக்கொண்டது. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று பெட்டி கவிழ்ந்து ஒருவர் இறந்தால், காப்புறுதிக்காரரும் பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு.

மணலும் மரமும். அனுமதிப்பத்திரமில்லாமல் ஆற்று மணலோ காட்டு மரமோ ஏற்றினால் வழக்கு ஓட்டியவரோடு நிற்பதில்லை. இயந்திரத்தையே பறிமுதல் செய்ய இடமுண்டு. ஒரு இரவுக் கூலிக்காக இயந்திரத்தை இரவல் கொடுக்கும் முன் இதை நினையுங்கள்.

புகையிரதக் கடவை

புகையிரதம் 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கும், 2015 மார்ச்சில் மீண்டும் தலைமன்னாருக்கும் ஓடத் தொடங்கியது. இருபது வருடத்துக்கு மேல் தண்டவாளமே இல்லாத ஊர்களில் வளர்ந்த எமக்கு அந்தச் சத்தம் பழக்கமில்லை. கதவில்லாத கடவையில் பெட்டியுடன் லாண்ட்மாஸ்ரர் முழுதாகக் கடக்க ஏறக்குறைய 9 செக்கன் செல்லும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் அதற்குள் 200 மீற்றர் வந்துவிடும். டீசல் இயந்திரத்தின் இரைச்சலில் ஊதுகுழல் கேளாது. ஆகவே நிறுத்துங்கள். கூட வருபவர் இறங்கி, தண்டவாளத்தருகே நின்று இரு பக்கமும் பார்த்துக் கைகாட்டட்டும். சிறிய கியரைப் போட்டு ஏறுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள்.

குழுவாகச் செய்யக்கூடியவை

தனி ஒருவராகக் கச்சேரிக்கு அலைவது ஒரு நாள் கூலியை இழப்பது. எனவே இந்தக் காலாண்டில் உங்கள் கமக்காரர் அமைப்பில் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. கிராமத்திலுள்ள எல்லா உழவு இயந்திரங்களையும் பெட்டிகளையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். புத்தகம் யார் பெயரில், காப்புறுதி எந்தத் திகதிவரை, ஓட்டுபவரிடம் எந்த வகுப்பு அனுமதி என்று குறியுங்கள்.

2. சிக்கலுள்ளவற்றைப் பிரித்து, ஒரே நாளில் பலராகப் பிரதேச செயலகத்துக்கும் மாவட்ட மோட்டார் வாகன அலுவலகத்துக்கும் போங்கள்.

3. நிறுவனங்கள் தந்த இயந்திரமானால், புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்பது நன்றி கெட்ட செயல் அல்ல. கொடுத்தவர் செய்து முடிக்காத வேலை அது.

4. ஒரு ஞாயிறு பின்நேரம் எல்லாப் பெட்டிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டு வந்து ஒளிதெறிக்கும் தகடு பூட்டுங்கள். இருட்டிய பின் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தூரத்தில் நிறுத்தி, அதன் வெளிச்சத்தில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பிள்ளைகளோடு பாருங்கள்.

கலந்துரையாட: எமது கிராமத்தில் கடந்த ஐந்து வருடங்களில் உழவு இயந்திரத்தால் நடந்த விபத்துகள் எவை? அவற்றில் எதை ஒரு விளக்கு தடுத்திருக்கும்? எதை ஒரு மறுப்பு, ‘இன்று போகாதே’ என்ற ஒரு சொல், தடுத்திருக்கும்?

அந்தக் குழுவின் இயந்திரம் பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டது. புத்தகத்தை மாற்றிக் கொடுக்க எமக்குப் பதினொரு மாதம் எடுத்தது. தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். பெட்டியின் பின்னால் இப்போது இரண்டு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. அவற்றைப் பூட்டியவன், வயரிங் வேலை பழகி ஒரு சிறு கடை வைத்திருக்கும் அந்தக் கால் இழந்த இளைஞன்தான். கூலி வாங்க மறுத்துவிட்டான் என்று குழுத் தலைவர் சொன்னார். உங்கள் பெட்டிக்கு விளக்குப் பூட்ட அப்படி ஒருவரும் கால் இழக்க வேண்டியதில்லை.